வலது பின் சக்கரம்

டவுணிலிருந்து சீவலப்பேரி போகிற பஸ்ஸில், பங்குனி உத்திரத்தன்று, ஜன்னலோரம் இடம் கிடைப்பது லேசான காரியம் இல்லை, சார். எனக்குக் கிடைத்தது. மடியில் பித்தளைப் பானை, காலடியில் பச்சரிசியும் வெல்லமும் போட்ட பை. ஆயிரம் பேர் ஏறிய பஸ்ஸில் நான் ஒருத்தன்தான் காற்று வாங்கிக்கொண்டு போனேன். ஆயிரம் என்பதை அடித்துத் திருத்த வேண்டாம். என்னைத் தெரிந்தவர்கள் அதை நூறு என்று படித்துக்கொள்வார்கள். எங்கள் வீட்டில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. டயர் மாறிய விஷயம் உங்களுக்கு விளங்க வேண்டுமென்றால் அந்த வழக்கம் முதலில் விளங்க வேண்டும்.

நடந்ததை என் கையாலேயே எழுதித் தரச் சொல்லி, ஒரு கத்தை வெள்ளைத்தாளும் பேனாவும் கொடுத்து, மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலி போட்டு உட்கார வைத்திருக்கிறீர்கள். காபியும் வந்தது. எழுதுவதில் எனக்கு ஒரு சிரமமும் இல்லை. இந்த ஆறு வாரத்தில் என்னிடம் ஒருவரும் இவ்வளவு அக்கறையாக எதையும் கேட்கவில்லை.

பெயர் பாபநாசம். வயது எழுபத்தொன்று. டவுணில் ரத வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் சொந்த வீடு. பஸ் டிப்போவில் டயர் பிரிவில் முப்பத்திரண்டு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன். டயரைக் காலால் ஒரு தட்டு தட்டி, உள்ளே காற்று எத்தனை பவுண்டு என்று சொல்வேன். ஒரு பவுண்டு கூடக்குறைய இருந்தால் மீசையை எடுத்துவிடுகிறேன் என்று பந்தயம் கட்டுவேன். மீசை இன்னும் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு சமயம் மலைப்பாதையில் ஒரு பஸ்ஸின் பின் டயர் கழன்று உருண்டு, தாமிரபரணியில் விழுந்து, மூன்று நாள் மிதந்து, குறுக்குத்துறையில் குளித்துக்கொண்டிருந்த என் முழங்காலில் வந்து முட்டியது. துடைத்து, மறுபடி மாட்டினோம். அதற்குப் பிறகு அது நாலு லட்சம் கிலோமீட்டர் ஓடியது. டயர் கழன்றது நிஜம். உருண்டு போய் வயலில் கிடந்ததும் நிஜம். ஆறும் முழங்காலும் நான் சேர்த்துக்கொண்டவை.

என் மகள் வடிவு மூன்றாம் வகுப்பில் வகுத்தல் படித்த வருஷம். ஒரு நாள் வேலை முடிந்து வந்து, "இன்னைக்கு இருநூறு டயர் கழட்டி மாட்டுனேன்" என்றேன். வடிவு நோட்டில் எதையோ போட்டுப் பார்த்தாள். "எப்பா, பத்தால வகுத்தா இருபது. அதுதான் சரியா வருது" என்றாள். அடுப்படியில் நின்ற என் மனைவி பிரமநாயகி சிரித்த சிரிப்பில் பால் பொங்கி அடுப்பு அணைந்தது. அன்று பிடித்தது அந்த வழக்கம். நான் எதைச் சொன்னாலும் வீட்டில் பத்தால் வகுத்துக்கொள்வார்கள். வடிவைக் கட்டின சங்கரும் ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டான். பேத்திக்குப் பேசத் தெரிந்ததுமே வகுக்கத் தெரிந்துவிட்டது. பேத்திக்கு ஏழு வயது. பெயர் பிரமநாயகிதான், கூப்பிடுவது பிரமு. என் மனைவி இறந்து ஒன்பது வருஷம் ஆன பிறகும் அந்தப் பெயரை நாளொன்றுக்கு நூறு தடவை எங்கள் வீட்டில் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தோம். இந்த நூறை வகுக்க வேண்டாம்.

சங்கரைப் பற்றி நீங்கள் கேட்டீர்கள். அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கங்கைகொண்டானில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பராமரிக்கிற வேலை. காலையில் கம்பெனி பஸ்ஸில் போய் சாயங்காலம் வருவான். கல்யாணம் ஆனதிலிருந்து எங்கள் வீட்டில்தான் இருந்தான். அவனுடைய அம்மா ஆவுடையம்மாள் பாளையங்கோட்டையில் மூத்த மகன் கண்ணன் வீட்டில் இருந்தாள். சங்கர் சாப்பிடும்போது நான் கதை சொல்வேன். கடைசி வாய்ச் சோறு வரை கேட்டுவிட்டு, கை கழுவிக்கொண்டே, "மாமா, வகுத்துப் பாத்தாலும் நல்லாத்தான் இருக்கு" என்பான். அதைவிட நல்ல மருமகன் யாருக்குக் கிடைப்பான்.

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ரசம் ஊற்றும்போது சொன்னான்.

"மாமா, கம்பெனியில என்னைக் குஜராத்துக்கு மாத்திட்டாவ. வீடும் தாராவ. வடிவையும் பிள்ளையையும் கூட்டிட்டுப் போறேன். நீங்களும் வாங்க."

"அங்கன எனக்கு யாரைத் தெரியும், மாப்ள?"

"எங்களைத் தெரியும்லா" என்றான்.

பதில் சரிதான். ஆனால் அங்கே போய் நான் எந்தப் பாஷையில் கதை அளப்பது? டீக்கடையில் உட்கார்ந்து, எங்க ஊர் ஆற்றில் டயர் மிதந்து வந்தது என்று சொன்னால், எந்த ஆறு, எந்த டயர் என்று கேட்கவாவது ஆள் வேண்டுமே. இங்கேயே இருந்துவிடுகிறேன் என்று சொன்னேன். அவர்கள் வற்புறுத்தினார்கள். பிறகு வற்புறுத்துவதை நிறுத்தினார்கள். மாசியில் டிக்கெட் எடுத்தார்கள். பங்குனி உத்திரம் கழிந்து நாலாம் நாள் ரயில். வடிவு பெரிய பெட்டிகள் இரண்டை வாங்கி வந்து நடுவீட்டில் திறந்து வைத்தாள். தினம் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பினாள். காபி குடிக்கப் போகும்போதும் வரும்போதும் நான் அந்தப் பெட்டிகளைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. கோபம் என்று சொல்ல மாட்டேன். எனக்குக் கோபம் வராது. வீடு தினம் ஒரு பிடி குறைந்துகொண்டே வந்தது; அதைக் கவனித்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

இனி டயர்.

எங்கள் வண்டி ஏழு பேர் உட்காரும் வண்டி. என் பெயரில் இருக்கிறது, ஓட்டுவது சங்கர். உத்திரத்துக்கு ஒரு வாரம் முன்னால், வலது பின் சக்கரத்தில் கம்பி கிழித்து டயரின் பக்கவாட்டுச் சுவர் பிளந்துவிட்டது. பக்கவாட்டில் கிழிந்தால் ஒட்ட முடியாது, தூக்கிப்போட வேண்டியதுதான். "மாமா, டயரு உங்க இலாகா. நீங்களே பாத்துக்கிடுங்க" என்று சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு சங்கர் வேலைக்குப் போனான்.

டயர்க் கடைக்காரர் அலி அக்பரை உங்களுக்குத் தெரியும். போன வாரம் இதே நாற்காலியில்தான் அவரை உட்கார வைத்தீர்களாம். அவர் நல்ல மனிதர். தொழிலில் பாதி என்னிடம் கற்றவர். வீட்டில் மாடிப்படிக்குக் கீழே கிடந்த ஒரு பழைய டயரைத் துடைத்து, கறுப்பு மெருகு பூசி, அவரிடம் கொண்டு போனேன். முன்பு இருந்த வண்டியின் டயர். இந்த வண்டியின் இரும்புச் சக்கரத்தில் ஏறும். ஆனால் மற்ற மூன்றையும்விட ஒரு விரல் குட்டை. ஓரத்தில் அச்சிட்டிருக்கும் வாரத்தையும் வருஷத்தையும் பார்த்தால் பதினோரு வயது. ரப்பரில் தலைமுடி மாதிரி வெடிப்பு ஓடியிருந்தது. மெருகு அதை மறைக்கும். என்னை மாதிரி ஆளிடமிருந்து மறைக்காது. அலி அக்பரிடமிருந்தும் மறைக்கவில்லை.

"அண்ணாச்சி, நீங்க எனக்குச் சொல்லித் தந்த ஆளு. ஒரே அச்சுல ரெண்டு தினுசு டயரை மாட்டச் சொல்லுதியளா?"

"ஸ்டெப்னியா வச்சுக்கிடத்தான் பாய்."

"அப்பச் சரி. புது ஸ்டெப்னி ஒண்ணு சும்மாதான கிடக்கு, மத்த மூணுக்கும் ஜோடியா. அதைச் சக்கரத்துல மாட்டுதேன். இந்தக் கிழடு பின்னால கிடக்கட்டும். அவசரம்னா பஞ்சர் கடை வரைக்கும் உருட்டிட்டுப் போங்க. அதுக்கு மேல ஒரு அடி போகக் கூடாது, ஆமா."

அப்படியே செய்து கொடுத்தார். நல்ல டயர் சக்கரத்தில். கெட்ட டயர் ஸ்டெப்னி இடத்தில். கடையிலிருந்து வண்டி அப்படித்தான் வீட்டுக்கு வந்தது. விபத்துக்குப் பிறகு நல்ல டயர் ஸ்டெப்னி இடத்திலும் கெட்டது சக்கரத்திலும் கிடந்ததை உங்கள் கான்ஸ்டபிள் ஒருவர் கவனித்ததாகச் சொன்னீர்கள். அந்தத் தம்பிக்கு நல்ல கண். டிப்போவுக்கு வந்திருக்க வேண்டிய பிள்ளை.

பொருந்தாத டயரோடு பத்திரமாக வண்டி ஓட்ட முடியுமா என்றும் கேட்டீர்கள். முடியும். ஊரில் பாதி வண்டி அப்படித்தான் ஓடுகிறது. ஐம்பதைத் தாண்டக் கூடாது. பாரம் குறைவாக இருக்க வேண்டும். உச்சி வெயிலில், சூடேறின தார்ச் சாலையில் நீள ஓட்டம் ஓடக் கூடாது. இருபது கிலோமீட்டருக்கு ஒரு தடவை இறங்கி டயரைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். கை பொறுக்காத சூடு என்றால் நிழலில் நிறுத்திவிட வேண்டும். காற்றைக் காலையில் ஒரு தடவை அளக்க வேண்டும். சட்டென்று பிரேக் போடக் கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியம், டயர் பொருந்தவில்லை என்பது ஓட்டுகிறவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அது தெரிந்தவன் மற்ற எல்லாவற்றையும் தானாகச் செய்வான். தெரியாதவனுக்கு எத்தனை புத்தி இருந்தும் பிரயோஜனம் இல்லை.

நீங்கள் மதுரைப் பக்கத்து ஆள் என்று பேச்சில் தெரிகிறது. அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் பங்குனி உத்திரத்தன்று ஒவ்வொரு குடும்பமும் அதனதன் குலதெய்வமான சாஸ்தாவைத் தேடிப் போக வேண்டும். சென்னையில் இருப்பவனும் துபாயில் இருப்பவனும் அன்றைக்கு எங்காவது ஒரு குளத்தங்கரையில் வந்து நின்று பொங்கலிடுவான். ஒரு வீட்டில் இருந்தாலும் சாஸ்தா ஒன்றாக இருக்காது. கல்யாணமான பெண் புருஷன் வீட்டுச் சாஸ்தாவுக்குப் போவாள். எங்கள் சாஸ்தா சீவலப்பேரிக்கு அந்தப் பக்கம், ஆற்றோரம். சங்கர் வீட்டுச் சாஸ்தா தெற்கே வள்ளியூர்ப் பக்கம், ஒரு குளத்தங்கரையில். நான்குவழிச் சாலையில் போக வேண்டும். ஆகவே வருஷத்தில் அந்த ஒரு நாள் மட்டும் எங்கள் குடும்ப வண்டியில் நான் ஏற மாட்டேன். அவர்கள் வண்டியில் தெற்கே போவார்கள். நான் பஸ்ஸில் கிழக்கே போவேன். யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். அந்த ஏற்பாட்டை நான் செய்யவில்லை. என் முப்பாட்டன் காலத்திலிருந்து இருப்பது.

உத்திரத்துக்கு முந்தின நாள் மத்தியானம் மூன்று மணி. சங்கர் வேலைக்குப் போயிருந்தான். வடிவும் பிள்ளையும் மின்விசிறிக்குக் கீழே படுத்திருந்தார்கள். சந்தில், எல்லார் கண்ணும் பார்க்க, ஜாக்கி போட்டு வண்டியைத் தூக்கினேன். எதையும் ஒளிக்கவில்லை. எதிர்வீட்டு மாடக்கண்ணு, தபால் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர், வெற்றிலையை மென்றுகொண்டு வந்து நின்றார்.

"என்ன அண்ணாச்சி, வேகாத வெயில்ல டயரு மாத்துதியளா?"

"ஆமா வே. மருமகனைக் குஜராத்துக்குப் போக விடாம ஆக்கணும்லா. நல்ல டயரைக் கழட்டிட்டுக் கெட்டதை மாட்டுதேன்."

"மாட்டுங்க, மாட்டுங்க. எத்தனை டயரு, பத்தா ஒண்ணா?"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். சிரித்துக்கொண்டே நட்டுகளை ஒவ்வொன்றாக என் கையில் எடுத்துக் கொடுத்தார். அவரை இதில் இழுக்காதீர்கள். அவருக்கு ஒன்றும் தெரியாது. நான் சொன்னது மட்டும்தான் தெரியும். அவர் போன பிறகு காற்றில் ஒரு எட்டுப் பவுண்டு குறைத்தேன். இது அலி அக்பருக்குத் தெரியாது. கண்ணுள்ள அந்தக் கான்ஸ்டபிள் தம்பிக்கும் தெரிய வழியில்லை. டயர் கிழிந்து நார்நாராகப் போன பிறகு காற்றை யார் அளப்பது? நானாகத்தான் சொல்கிறேன்.

சாக வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. அதைத் தெளிவாக எழுதிவிட வேண்டும். நான் நினைத்தது ஒரு கால். இடது கால் என்று வைத்திருந்தேன். வலது கால் பிரேக்குக்கும் ஆக்ஸிலேட்டருக்கும் வேண்டும். பிற்காலத்தில் அவன் வண்டி ஓட்ட வேண்டும் அல்லவா. எலும்பு கூட மூன்று மாதம், நடந்து பழக மூன்று மாதம். அதற்குள் குஜராத்தில் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். பெட்டிகளைப் பிரித்துத் துணிகளை பீரோவில் அடுக்கிவிடலாம். பிரமு பள்ளிக்கூடம் மாற வேண்டாம். சங்கர் கட்டிலில் கிடப்பான். நான் நாற்காலி போட்டு உட்கார்ந்து கதை சொல்வேன். இவ்வளவுதான் என் திட்டம். இதில் யாருக்கும் நிரந்தரமாக ஒரு கெடுதலும் இல்லை.

மறுநாள் காலை. சங்கர் வீட்டுச் சாஸ்தாவுக்கு அபிஷேகம் பத்தரை மணிக்கு. எட்டு மணிக்குப் புறப்பட்டால் மெதுவாகப் போய்ச் சேரலாம். ஆவுடையம்மாள் முந்தின நாள் சாயங்காலமே பாளையங்கோட்டையிலிருந்து வந்துவிட்டாள். பொங்கல் பானை, விறகு, அரிசி மூட்டை, தண்ணீர்க் குடம், சொக்காரர்களுக்கு, அதாவது பங்காளிகளுக்கு என்று இரண்டு வாழைத்தார் எல்லாம் வண்டியில் ஏறின. பின்பாரம் தாங்காமல் வண்டி குந்தி உட்கார்ந்தது. பிரமுவை நடு இருக்கையில் உட்கார வைத்து பெல்ட்டை நானே மாட்டினேன். இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன். பிறகு வண்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன்.

"மாப்ள, பின்னால வலது பக்கம் எமனை மாட்டி வச்சிருக்கேன். மாடிப்படிக்குக் கீழ கிடந்த கிழட்டு டயரு. ஐம்பதைத் தாண்டுனீய, வெடிக்கிற வெடியில திருச்செந்தூர்க் கடல்ல மீனெல்லாம் செத்து மிதக்கும். வண்டி மூணு பனைமரத்தைத் தாண்டிப் பறந்து சாஸ்தா கோயில் வாசல்லயே போயி விழும்."

உள்ளேயிருந்து பிரமு விரல்விட்டு எண்ணினாள். "தாத்தா, பத்தால வகுத்தா ஒரு பனைமரங்கூடத் தேறாது."

"கோயில் வாசல்லயே இறக்கி விடும்னா நல்லதுதான மாமா. நடக்க வேண்டாம்லா" என்றான் சங்கர்.

ஆவுடையம்மாளுக்கு மட்டும் முகம் சுருங்கியது. "நல்ல நாளும் அதுவுமா வாயில நல்ல வார்த்தை வரட்டும் அண்ணாச்சி" என்றாள். எங்கள் வீட்டு வழக்கம் அவளுக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை. அந்த வண்டியில் நான் சொன்னதை வகுக்காமல் கேட்டவள் அவள் ஒருத்திதான்.

நான் விடவில்லை. டயரின் வயதைச் சொன்னேன். எங்கே வெடிப்பு ஓடியிருக்கிறது என்று சொன்னேன். நல்ல டயர் பின்னால் ஸ்டெப்னியாகக் கிடப்பதைச் சொன்னேன். எல்லாவற்றோடும் ஒரு கடலையும் ஒரு மலையையும் சேர்த்துச் சொன்னேன். சந்தில் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். மாடக்கண்ணு வாசற்படியில் உட்கார்ந்து ரசித்துக்கொண்டிருந்தார். அன்று நான் பேசியது என் வாழ்நாளிலேயே நல்ல பேச்சு, அதை மறைப்பானேன். கடைசியில் வடிவுதான் ஜன்னலைத் தட்டினாள்.

"எப்பா, போதும். மணி ஒம்பதரை ஆவுது. அபிஷேகம் முடிஞ்ச பொறவு போயி என்னத்தப் பாக்கது? வழியை விடுங்க."

விட்டேன். ஒன்றரை மணி நேரம் தாமதம். பத்தரை மணிக்குள் போக வேண்டுமானால் நான்குவழிச் சாலையில் நூறுக்குக் குறையாமல் அழுத்த வேண்டும். பத்து மணிக்கு மேல் பங்குனி வெயிலில் தார் எப்படி இருக்கும் என்று டிப்போக்காரனுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நான் சீவலப்பேரி பஸ்ஸைப் பிடித்தேன். ஜன்னலோரம் இடம் கிடைத்ததைத்தான் முதலிலேயே சொன்னேன். வழி நெடுக வயலில் அறுப்பு முடிந்து வைக்கோல் கிடந்தது. கோயிலில் கூட்டம் அதிகம். ஆற்று மணலில் மூன்று கல் கூட்டி, பானை வைத்து, ஓலையைச் செருகித் தீ மூட்டினேன். பதினோரு மணிக்குச் சட்டைப்பையில் போன் அடித்தது. பால் பொங்கி வருகிற நேரம். அடுப்பை விட்டு எழுந்திருக்கக் கூடாது. பொங்குகிற பானையைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் முறை. போன் நின்றது. மறுபடி அடித்தது. கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது. நல்ல சகுனம். அரிசியைப் போட்டு, வெல்லம் தட்டிப் போட்டு, இறக்கி, சாஸ்தாவுக்குப் படைத்து, விபூதி பூசிக்கொண்ட பிறகு போனை எடுத்தேன். பதினேழு தடவை அடித்திருந்தார்கள். அது பதினேழுதான், எண்ணிப் பார்த்தேன்.

நான்குவழிச் சாலையில் மூன்றடைப்பு ஊரைத் தாண்டி நடந்திருக்கிறது. டயர் வெடித்து, வண்டி குறுக்கே திரும்பி, நடுத்தடுப்பில் ஏறி உருண்டிருக்கிறது. சங்கர் அங்கேயே போய்விட்டான். ஆவுடையம்மாளும். பிரமுவுக்குக் கையில் ஒரு முறிவு மட்டும். பெல்ட் காப்பாற்றியது என்று டாக்டர் சொன்னார். மாட்டினது யார் என்று அவர் கேட்கவில்லை. வடிவுக்கு முதுகெலும்பில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. வராது என்கிறார்கள். டாக்டர்களும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள். நான் அதை வகுத்துப் பார்த்தேன். வகுத்தாலும் சரியாக வரவில்லை.

நான் எச்சரிக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. சந்தில் இருந்த அத்தனை பேரும் சாட்சி. எந்தச் சக்கரம், எந்த டயர், என்ன வேகம், என்ன ஆகும், எல்லாம் சொன்னேன். எந்தக் கோர்ட்டில் வேண்டுமானாலும் மாடக்கண்ணு வந்து சொல்வார். இதை எழுதிவிட்டுக் கையெழுத்துப் போட்டுத் தாளை உங்களிடம் கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் ஒன்றை விட்டுவிட்டேன். நீங்கள் அதைக் கேட்கவில்லை; என்னைத் தவிர அதை அறிந்தவன் இப்போது உயிரோடு இல்லை.

வண்டியைக் கிளப்பின சங்கர் சந்து முனையில் நிறுத்தினான். இறங்கி, வண்டிக்குப் பின்னாலேயே நடந்து போன என் பக்கமாக வந்தான். மற்றவர்கள் காதில் விழாத தூரம். சிரிக்கவில்லை. குனிந்து, சின்னக் குரலில் கேட்டான்.

"மாமா, விளையாட்டு இருக்கட்டும். பிள்ளை உக்காந்திருக்கா. டயரு நெசமாவே சரியாத்தான இருக்கு?"

ஒரு வார்த்தை போதும். இல்லை மாப்ள, மாற்றிவிட்டுப் போ என்று, கடலும் மலையும் சேர்க்காமல் நான் சொல்லியிருந்தால் அவன் அங்கேயே ஜாக்கியை எடுத்திருப்பான். பதினைந்து நிமிஷ வேலை. நான் வகுக்க முடியாத ஒரு வார்த்தை சொன்னால் அவன் நம்புவான் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் சொல்லவில்லை.

"சரியா இருக்கான்னா கேக்க? வைரம்லா அது. இன்னும் ஆயிரம் வருஷம் ஓடும்" என்றேன்.

அவன் முகம் தெளிந்தது. "அப்ப நூறு வருஷம். போதும் மாமா" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போய் ஏறினான். நான்தான் அவனைக் கொன்றேன். ஆவுடையம்மாளையும் நான்தான். டயரை மாற்றியதும், காற்றைக் குறைத்ததும், நேரத்தைக் கடத்தியதும் நான். கையெழுத்து எங்கே போட வேண்டுமோ போடுகிறேன்.

ஒரே ஒரு கோரிக்கை. சாயங்காலத்துக்குள் என்னை வீட்டுக்கு அனுப்பினால் நல்லது. கொத்தனார் வருகிறார். வாசற்படியை இடித்துவிட்டுச் சக்கர நாற்காலி ஏறுகிற மாதிரிச் சரிவாகச் சிமெண்ட் பூசச் சொல்லியிருக்கிறேன். குளியலறைக் கதவையும் அகலமாக்க வேண்டும். பெரிய பெட்டிகள் இரண்டையும் நானே பிரித்துத் துணிகளை மடித்து பீரோவில் வைத்துவிட்டேன். பிரமுவின் பள்ளிக்கூடத்துக்குப் போய், பிள்ளை இங்கேயேதான் படிக்கும் என்று சொல்லிவிட்டு வந்தேன். கண்ணன் அவளைப் பாளையங்கோட்டையில் வைத்துக்கொண்டு என் போனை எடுக்க மாட்டேன் என்கிறான். அம்மாவையும் தம்பியையும் ஒரே நாளில் பறிகொடுத்தவன், அவனைச் சொல்லிக் குற்றமில்லை. வடிவு ஆஸ்பத்திரியில் என்னைக் கண்டதும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்கிறாள். அந்த ஆளை உள்ளே விடாதீர்கள் என்று நர்ஸிடம் சொன்னாளாம். என் பிள்ளையை எனக்குத் தெரியாதா. கோபம் தணிய நாளாகும், தணிந்ததும் வந்துவிடுவாள். எனக்கு ஒரு அவசரமும் இல்லை, சார். இனி அவள் என்னை விட்டு எங்கே போய்விடப் போகிறாள்.